லிப்டில் விழுந்த ஐந்து ஓட்டுகள்

நான்காம் அத்தியாயம்

நாற்பது வீடுகள், வீட்டுக்கு ஓர் ஓட்டு. ஆகவே பெட்டிக்குள் நாற்பது ஓட்டுகள் இருந்திருக்க வேண்டும். இருந்தவையோ நாற்பத்தைந்து. கூட்டல் கணக்கென்றாலே கொட்டாவி விடும் குடையாருக்குக்கூட இது நெருடியது.

“பெட்டிக்குள்ள இருட்டு, அண்ணி. சும்மா இருக்குமா? குட்டி போட்டிருக்கும்,” என்றார் அவர், அந்தப் பத்துமாடிக் கட்டடத்தின் வாசற்படியில் காலை வைத்தவாறே.

“உள்ள போய் இப்படிப் பேசாதே தம்பி. உன்னையும் செல்லாத ஓட்டுல சேத்துருவாங்க,” என்றார் அண்ணி.

அண்ணியை அந்த வட்டாரத்தில் சந்தேகத்தம்மாள் என்பார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றி, எரியாத கடைக்கு இழப்பீடு கேட்டவர்களையும், தம் இறப்புச் சான்றிதழைத் தாமே வாங்கிக்கொண்டு போனவர்களையும் வீடு தேடிச் சென்று பிடித்தவர். பணி ஓய்வு பெற்றாரேயொழிய அவர் மூக்கு ஓய்வு பெறவில்லை. குடையார் அவருடைய கணவரின் தம்பி. பதினைந்து ஆண்டுகள் குடைக்கடையில் விற்பனையாளராக இருந்து, மூன்றாண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்ததால் கடையும் வேலையும் ஒருங்கே போய், பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியவர். இப்போது அண்ணியின் துப்பறியும் தொழிலுக்கு உதவியாளர். அண்ணி யோசிக்கும்போது வாய் திறவாமல் இருப்பது ஒன்றே அவருக்கு இடப்பட்ட பணி. அதை அவர் இன்றுவரை ஒருநாளும் செய்ததில்லை.

அவர்களை அழைத்தவர் அந்தக் கட்டடத்தின் லிப்ட்காரர். துவைத்துத் துவைத்து வெளுத்த நீலச் சட்டையோடு, லிப்டின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கதவு அவரைத் தாங்கியதா, அவர் கதவைத் தாங்கினாரா என்று சொல்ல இயலாத நிலை.

“அம்மா, அஞ்சு மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா சங்கத் தேர்தல் முடிவுல கையெழுத்துப் போட்டுருவாரு,” என்றார். “போட்டுட்டா பழைய செயலாளரே திரும்பவும் செயலாளர். அவர் வந்தா, தானா ஓடுற லிப்ட் வந்துரும். அது வந்தா நான் போயிருவேன். பத்தொன்பது வருஷம்மா.”

“அவர் ஒரு ஓட்டுலதானே ஜெயிச்சிருக்கார்?”

“ஆமாம்மா. அவருக்கு இருபத்துமூணு. பல் டாக்டரம்மாவுக்கு இருபத்திரண்டு. டாக்டரம்மா வந்தா என்னை வெச்சுக்குவாங்க. ஆனா இப்ப அதுவும் பெரிசில்லம்மா. கூட விழுந்த அஞ்சையும் டாக்டரம்மாவுக்காக நான்தான் போட்டேன்னு செயலாளர் சொல்றாரு. பெட்டி காலைலேருந்து என் லிப்ட்லதான் இருந்துச்சாம். வேலை போனாப் போகட்டும்னு இருந்துரலாம். திருட்டுப் பட்டத்தோட எப்படிம்மா போறது?”

சுவர்க் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது.

“ஓட்டுப் பெட்டிக்கு லிப்ட்ல என்னய்யா வேலை?” என்றார் குடையார். “அதுக்கும் முட்டி வலியா?”

“பெட்டிக்கு இல்ல சார், ஜனங்களுக்கு. கீழே வந்து ஓட்டுப் போடச் சொன்னா பாதிப் பேர் வரமாட்டாங்க. அதனால பெட்டியை லிப்ட்ல வெச்சு மாடி மாடியாக் கொண்டு போனோம்.”

“ஆக, வீட்டு வாசலுக்கே வந்து நின்ன ஜனநாயகம்,” என்றார் குடையார். “பால்காரருக்கு அடுத்தபடியா.”

கீழ்த்தளத்துச் சங்க அறையில் எழுவர் இருந்தனர். மேசைக்குப் பின்னால், ஓட்டுச் சீட்டுகளை அணைபோட்டாற்போல் இரு கைகளாலும் வளைத்துக்கொண்டு, தேர்தல் அதிகாரியாகிய ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டாம் மாடிக்காரர். கழுத்தில் விசில்; மடியில் சுருட்டிய பச்சைக் கொடி. அவருக்கு வலப்புறம், வெற்றிக்கான உரையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழைய செயலாளர். எதிர்ச் சுவரோரமாக, சாய்வு நாற்காலி இருந்தும் சாயாமல், ஐந்து பேர். அவர்கள்தாம் நேர்மைத் தேர்தல் காவற்குழு.

அந்தத் தெருவில் தொழில் செய்யும் ஐவர் சேர்ந்து அமைத்த குழு அது. தலைவர் மருந்துக்கடைக் கம்பவுண்டர். மற்றவர்கள் பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடை விற்பனையாளர், சலூன்காரர், வறுகடலை விற்கும் அக்கா. எவருக்கும் அந்தக் கட்டடத்தில் வீடில்லை, ஓட்டுமில்லை. எனவே எவர் பக்கமும் சாய மாட்டார்கள் என்று பல் டாக்டரம்மாள் அவர்களை அழைத்திருந்தார். ஒவ்வொருவர் மார்பிலும் தேநீர்க் கோப்பைத் தட்டளவில் ஒரு வில்லை. அதில் ஒரு கண் வரைந்திருந்தது. ஐந்து கண்களும் ஒரே நேரத்தில் தம்மை உற்று நோக்கவே, குடையார் செய்யாத குற்றங்களையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

“வாங்கம்மா,” என்றார் செயலாளர். “நீங்களே சொல்லுங்க. பதினோரு வருஷமா நான்தான் செயலாளர். ஒரு தடவை தகராறு வந்திருக்கா? எல்லாரையும் என் வீட்டுக் கூடத்துல உக்கார வெச்சு, பிஸ்கட் கொடுத்து, ‘ஆட்சேபணை உண்டா’ன்னு கேப்பேன். யாரும் பேசமாட்டாங்க. தேர்வு முடிஞ்சுது.”

“வாயில பிஸ்கட் இருந்தா யாருங்க பேசுவாங்க?” என்றார் குடையார்.

“அமைதியா நடந்துச்சா இல்லையா? இந்த வருஷம் ‘தேர்தலைக் கண்காணிக்கணும்’னு இவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. வந்தாங்க, அஞ்சு ஓட்டு கூடிப் போச்சு. காவல் இல்லாதப்ப திருட்டு இல்ல. காவல் வந்ததும் திருட்டு. இதுக்கு எதுக்குக் காவல்?”

கம்பவுண்டர் எழுந்து நின்றார். “திருட்டு நடந்ததே நாங்க எண்ணினதாலதான் தெரிஞ்சுது. எங்க அஞ்சு பேர் கண்ணையும் மீறி ஒருத்தன் கைவரிசை காட்டியிருக்கான். யாருன்னு எங்களுக்கும் ஒரு அனுமானம் இருக்கு.” அவர் பார்வை கதவோரம் நின்ற லிப்ட்காரர்மீது போய் நின்றது. மற்ற நால்வர் பார்வையும் வரிசை குலையாமல் பின்தொடர்ந்தது.

லிப்ட்காரர் மார்பின்மேல் கைவைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு ஸ்டேஷன் மாஸ்டர் எதிரே அமர்ந்தார். “ஐயா, ஓட்டுப் போட்ட விதத்தைச் சொல்லுங்க. ஆரம்பத்துலேருந்து.”

“காலை எட்டு மணிக்குப் பத்தாவது மாடியில் தொடக்கம். நண்பகல் பன்னிரண்டுக்கு முதல் மாடியில் முடிவு. ஒரு நிமிஷம் முன்னே இல்லை, பின்னே இல்லை.” வீட்டிலும் அறிவிப்புப் பலகையின் தமிழிலேயே பேசிப் பழகியவர் அவர். “சீட்டில் இரண்டு சின்னம். செயலாளருக்குச் சாவி. டாக்டரம்மாவுக்குச் சீப்பு.”

“பல் டாக்டருக்குச் சீப்பா?” என்றார் குடையார்.

“அவர் பல்லைக் கேட்டார். அது தொழில் விளம்பரம் என்று செயலாளர் ஆட்சேபித்தார். சீப்புக்கும் பல் உண்டு என்று சமாதானம் ஆயிற்று. ஒவ்வொரு சீட்டையும் நானே நடுவில் ஒரே ஒரு மடிப்பு மடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். ரயில் தடம் புரளலாம். என் மடிப்புப் புரளாது.”

“லிப்டுக்குள்ள யார் யார் இருந்தீங்க?”

“நாலு பேருக்கு மேல் ஏறினால் மணி அடிக்கும். ஆகவே லிப்ட்காரர், நான், காவற்குழுவில் ஒருவர், ஓட்டுப் போடுபவர்.”

“மத்த நாலு கண்ணும்?”

“படியில ஓடிச்சு,” என்றார் கண்டக்டர். “ஆளுக்கு ரெண்டு மாடி முறைங்க. ஒருத்தர் உள்ள இருக்கறப்ப மத்தவங்க லிப்ட் கூடவே படியில வருவோம். எங்க நின்னாலும் வெளியே நாங்க இருக்கணும்ல?”

“நேர்மையைக் காப்பாத்தப் பத்து மாடி,” என்றார் குடையார் வருத்தத்தோடு. “கால் வலிக்கு மருந்து?”

“நம்ம கடையிலதான்,” என்றார் கம்பவுண்டர், தம்மையறியாமல்.

அண்ணி ஸ்டேஷன் மாஸ்டரை விடவில்லை. “நீங்க லிப்டை விட்டு வெளிய வரவே இல்லையா?”

“வராமல் எப்படி? ஒவ்வொரு மாடியிலும் இறங்கி, விசில் ஊதி, கொடி காட்டினால்தானே ஜனங்கள் புறப்படுவார்கள்? தலா இரண்டு நிமிஷம்.”

“சரி. சீட்டு எத்தனை அச்சடிச்சீங்க?”

“ஐம்பது. பத்து உபரி.”

“அந்தப் பத்து எங்கே?”

“காவற்குழுவிடம் ஒப்படைத்தேன்.”

“ஒருத்தர்கிட்ட பத்தும் இருந்தா அவர் மனசு கெட்டுப் போகலாமில்ல?” என்று வறுகடலை அக்கா விளக்கினார். “அதனால ஆளுக்கு ரெண்டு. தேர்தல் முடிஞ்சதும் உறையில போட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்துட்டோம்.”

மேசையின் ஓரத்தில் ஐந்து உறைகள் அரக்கு முத்திரையோடு அடுக்கியிருந்தன. அண்ணி அவற்றைத் தொடவில்லை; பார்க்க மட்டும் செய்தார்.

“ஐயா, இந்தச் சீட்டுங்களை ஒரு பத்து நிமிஷம் லிப்டுக்குள்ள கொண்டு போய்ப் பாக்கலாமா? நீங்களும் கூட வாங்க.”

லிப்ட் மெல்ல முனகிக்கொண்டு மேலேறியது. உள்ளே நால்வர். மணி அடிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் சீட்டுகளை ஏந்தியிருக்க, அண்ணி ஒவ்வொன்றாய் எடுத்து, விரித்து, மடித்து, வைத்துக்கொண்டு வந்தார். லிப்ட்காரர் வழக்கமான தம் முக்காலியில் அமராமல் மூலையில் நின்றார்.

“ஜனங்க ஓட்டுப் போடுறப்ப நீங்க எங்க பாத்துட்டிருந்தீங்க?” என்றார் அண்ணி.

“சுவரைம்மா. ரகசிய ஓட்டாச்சே. நாலு மணி நேரமும் சுவரைப் பாத்துத்தான் நின்னேன். பொத்தானைக்கூட முதுகுக்குப் பின்னால கையை விட்டுத் தடவித்தான் அமுக்கினேன்.”

“ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா வெளிய போனப்ப?”

“அப்பவும் சுவர்தாம்மா. ஐயா திரும்பிப் பாக்கலாம்னு சொல்லலையே.”

குடையார் அந்தச் சுவரைப் பார்த்தார். ‘நால்வருக்கு மட்டும்’ என்ற பலகையைத் தவிர அதில் படிக்க ஒன்றுமில்லை. நாலு மணி நேரம் அதையே படித்த மனிதர் பொய் சொல்வதற்குரிய கற்பனையை எங்கிருந்து பெறுவார் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. சொல்லாதிருந்ததைத் தாமே வியந்தார்.

ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் இடையில் அண்ணியின் கை நின்றது. ஐந்து சீட்டுகள் தனியே பிரிந்து அவர் உள்ளங்கையில் இருந்தன.

“தம்பி, இதைப் பாரு. நாப்பது சீட்டுல நடுவுல ஒரே கோடு. ஐயாவோட மடிப்பு. இந்த அஞ்சுல மட்டும் அந்தக் கோடு இல்ல.”

“அப்ப இது ஐயா கை வழியா வரலை.”

“அதோட, மடிச்சிருக்கற அழகைப் பாரு.”

குடையார் பார்த்தார். ஒரு சீட்டு நீளவாக்கில் குச்சி போல் மடிந்திருந்தது. இன்னொன்று மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு, ஊதினாலும் பிரியாத சிறு பொட்டலமாக இருந்தது. மூன்றாவது கூம்பாகச் சுருட்டிப் பிறகு தட்டையாக நசுக்கப்பட்டிருந்தது. நான்காவதன் இரு பக்கங்களும் கைமடித்த சட்டையைப் போலப் பின்னுக்குப் போயிருந்தன. ஐந்தாவது சதுரம் சதுரமாக மடிந்து கட்டைவிரல் நக அளவுக்கு வந்திருந்தது.

“கைவேலைப் போட்டி ஏதாவது நடந்துச்சா அண்ணி? மூணாவதுக்கு நான் பரிசு கொடுப்பேன்.”

“இந்த அஞ்சும் யாருக்கு விழுந்திருக்கு, அதையும் பாரு.”

ஐந்திலும் சாவி.

குடையார் முகம் மலர்ந்தது. “செயலாளர். வேற யாரு? அவருக்குத்தானே லாபம்?”

“லாபம் வர்றவன்தான் திருடன்னா, என் ஆபீஸ்ல பாதி வேலை மிச்சமாயிருக்கும்,” என்றார் அண்ணி. “கீழே போகலாம்யா. ஐயா, இப்பப் பாத்ததை நான் சொல்றவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

ஸ்டேஷன் மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். பேச்சு வெளியே வராமலிருக்க அவர் அறிந்த வழி அது.

சங்க அறைக்கு மீண்டபோது மணி நான்கரை. செயலாளர் உரையை எடுத்து உதட்டசைவில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி தம் பையிலிருந்து ஐந்து வெற்றுத் தாள்களை எடுத்துக் காவற்குழுவுக்கு ஆளுக்கொன்றாய்க் கொடுத்தார்.

“உங்க போன் நம்பரை எழுதிக் கொடுங்க. விசாரணை அறிக்கையில சேக்கணும். ஒருத்தர் நம்பர் ஒருத்தருக்குத் தெரியவேணாம். மடிச்சுக் கொடுத்துருங்க.”

ஐவரும் எழுதினர். ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராதபடி முழங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினர். மடித்தனர், கொடுத்தனர்.

அண்ணி வாங்கிய வரிசைப்படியே அவற்றை மேசைமேல் வைத்தார். பிறகு அந்த ஐந்து ஓட்டுச் சீட்டுகளையும் பழையபடி மடித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றின் பக்கத்தில் அமர்த்தினார்.

குச்சிக்குப் பக்கத்தில் குச்சி. பொட்டலத்துக்குப் பக்கத்தில் பொட்டலம். கூம்புக்குக் கூம்பு. சட்டைக்குச் சட்டை. நகச் சதுரத்துக்கு நகச் சதுரம்.

செயலாளர் ஒத்திகையை நிறுத்திவிட்டு மேசையை எட்டிப் பார்த்தார்.

“கண்டக்டர் காகிதத்தைக் கையில வாங்கினா விரல் இடுக்குல செருகற மாதிரித்தான் மடிப்பார்,” என்றார் அண்ணி. “கம்பவுண்டர் கை பொடி மருந்து கட்டிக் கட்டிப் பழகின கை. அக்காவுக்குத் தாள்னா கடலை சுருட்டத்தான். ஜவுளிக்கடைக்காரர் எதை மடிச்சாலும் அதுக்கு ரெண்டு கை இருக்கும். சலூன்காரர் கத்தி துடைக்கற காகிதத்தை மடிக்கற மாதிரி மடிக்கறார். தலைக்கு ஒரு ஓட்டு. ஐயா, அந்த உறைங்களைப் பிரிங்க.”

“குழுவையே சந்தேகப்பட்டால் எப்படி?” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் தயங்கி. “அவர்கள் சந்தேகப்படுவதற்காக வந்தவர்கள் ஆயிற்றே.”

“அதனாலதான் இதுவரைக்கும் யாரும் பிரிக்கலை. பிரிங்க.”

பிரித்தார். இரண்டிரண்டு சீட்டுகள் இருக்க வேண்டிய ஐந்து உறைகளிலும் ஒவ்வொன்றே இருந்தது.

குடையார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து கண் வில்லைகளும் முதன்முறையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“நீயுமா?” என்றார் கம்பவுண்டர் கண்டக்டரிடம்.

“நீங்களும்தானா?” என்றார் கண்டக்டர்.

“அக்கா, நீ கூடவா?” என்றார் சலூன்காரர். “கும்பிடற இடத்துல வெச்சிருந்தேனே உன்னை.”

“கும்பிடற கையாலதானே நீயும் போட்டே,” என்றார் அக்கா.

அண்ணி மேசையைத் தட்டினார். “ஒருத்தர் பேசுங்க. ஏன் போட்டீங்க?”

கம்பவுண்டர் வியர்வையைத் துடைத்தார். “சோதனைம்மா. மத்த நாலு பேரும் ஒழுங்காக் காவல் காக்கறாங்களான்னு எப்படித் தெரியும்? ஒரே ஒரு கள்ள ஓட்டைப் போட்டுப் பாக்கலாம், யாராவது கண்டுபிடிக்கறாங்களான்னு. ஸ்டேஷன் மாஸ்டர் வெளிய விசில் ஊதப் போனப்ப போட்டேன். எண்ணிப் பாத்தா அஞ்சு கூடுதல். என்னோடது ஒண்ணு. மீதி நாலு எவனோ திருடன் போட்டிருக்கான், அவன் சிக்கினதும் நம்ம சோதனையைச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“நானும் அப்படித்தான்,” என்றார் கண்டக்டர்.

“என் கணக்குலயும் மீதி நாலு,” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

“அஞ்சு நாலு இருபது,” என்றார் குடையார். “இல்லாத இருபது கள்ள ஓட்டைத் தேடிட்டிருந்திருக்கீங்க.”

செயலாளர் துள்ளி எழுந்தார். “இது இப்ப சோடிக்கற கதை. சோதனைன்னு எவன் வேணா சொல்லலாம். ஆதாரம் எங்கே?”

“நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட முன்கூட்டியே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கேன்,” என்றார் கம்பவுண்டர்.

“நானும்,” என்றனர் நால்வரும்.

“யார்கிட்ட?”

ஐந்து சுட்டுவிரல்களும் ஒரே சமயத்தில் எழுந்து லிப்ட்காரரைக் காட்டின.

“பாத்தீங்களா?” என்றார் செயலாளர், பேச்சின் முன்பாதியை மறந்து மகிழ்ச்சியோடு. “அஞ்சு பேரும் இவனைத்தான் காட்டறாங்க. நான் அப்பவே சொல்லலை?”

அண்ணி லிப்ட்காரர் பக்கம் திரும்பினார். “உங்களைத் திருடன்னு சொல்றப்பல்லாம் சட்டைப் பையை மூடிக்கிட்டு நின்னீங்க. மனசு வலிக்குதோன்னு நெனைச்சேன். அங்க என்ன இருக்கு?”

லிப்ட்காரர் தயங்கித் தயங்கி, ஒட்டிய ஐந்து கடிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். வியர்வையில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

குடையாருக்கு வாயடைத்துப் போயிற்று. அது மிக அரிதாக நிகழ்வதாகையால் அண்ணிகூடத் திரும்பிப் பார்த்தார். “யோவ், உன் மானமே கப்பலேறிட்டிருக்கு. உன்னைக் காப்பாத்தற கடிதம் உன் பையிலேயே இருந்திருக்கு. வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதே சார். முடிவு கையெழுத்தாகறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு தனித்தனியா வந்து அஞ்சு பேரும் சத்தியம் வாங்கிட்டாங்க. லிப்ட்ல கேக்கறதை வெளிய சொல்றவனா இருந்தா இந்தக் கட்டடத்துல பாதிக் குடும்பம் இன்னைக்குச் சேந்து இருக்காது சார்.”

செயலாளர் சற்றே இருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் முதற்கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். “‘நான் இன்று சோதனைக்காக ஒரு கள்ள ஓட்டுப் போடுகிறேன். முடிவு மாறிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டாயம் தோற்கப் போகிறவருக்கே போடுகிறேன். அதாவது, சாவிக்கு.’ இப்படிக்குக் கம்பவுண்டர்.”

இரண்டாவதும் சாவி. மூன்றாவதில், ‘சாவி தேறாது என்பது ஊரறிந்தது’ என்று ஜவுளிக்கடைக்காரர் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தார். நான்காவதும் ஐந்தாவதும் அவ்வாறே.

“நான் தோப்பேன்னு உங்களுக்கு யாருய்யா சொன்னது?” என்றார் செயலாளர். கள்ள ஓட்டைவிட இது அவரைச் சுட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

“கட்டடத்து ஆளுங்கதான் சார்,” என்றார் சலூன்காரர். “முடி வெட்டிக்கறப்ப யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. கழுத்துப் பக்கத்துல கத்தி இருக்கில்ல?”

“ஆக, தோக்கறவர்னு அஞ்சு பேரும் சேந்து ஜெயிக்க வெச்சுட்டீங்க,” என்றார் குடையார். “இருபத்துமூணுல அஞ்சு போனா பதினெட்டு. டாக்டரம்மா இருபத்திரண்டு. பதினெட்டும் இருபத்திரண்டும் நாப்பது. அண்ணி, கூட்டல் சரியா வருது. பயமா இருக்கு.”

செயலாளர் இன்னும் ஓயவில்லை. “சரி, என் லாபம் போகட்டும். ஆனா நான் சொன்னதுதானே நடந்திருக்கு? திருட்டுன்னு ஒண்ணு நடந்ததே காவற்காரங்களாலதான். இவங்க இல்லேன்னா நாப்பதுக்கு நாப்பது சுத்தமா விழுந்திருக்கும்.”

“போன தேர்தல்ல எத்தனை ஓட்டு விழுந்துச்சு?” என்றார் அண்ணி.

“போன தடவை பிஸ்கட்.”

“அதுக்கு முந்தி?”

செயலாளர் கூரையைப் பார்த்தார்.

“கூடுதலா விழுந்த அஞ்சை எண்ணிக் கண்டுபிடிச்சுட்டோம். பதினோரு வருஷமா விழாம போனதை யார் எண்ணுவாங்க?” அண்ணி காவற்குழுவின் பக்கம் திரும்பினார். “நீங்க ரொம்ப பெருமைப்பட வேணாம். காவல் வேணும்தான். ஆனா அடுத்த தடவை திருடன் வேஷத்துக்கு வெளியாள் வெச்சுக்குங்க. உபரிச் சீட்டு எல்லார் முன்னாலயும் எண்ணி வைக்கணும். முக்கியமா, லிப்ட்காரரைச் சுவரைப் பாத்து நிக்க வைக்காதீங்க. இந்தக் கட்டடத்துல ஒழுங்காப் பாக்கத் தெரிஞ்ச ஒருத்தரை அப்படித் திருப்பி வெச்சுட்டு, அஞ்சு பேர் படியில ஓடியிருக்கீங்க.”

ஐவரும் வில்லைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டனர். பின்பு அக்கா மட்டும் எழுந்து லிப்ட்காரரிடம் போனார். “மன்னிச்சுருப்பா. உன்கிட்ட நம்பிக் கடிதம் கொடுத்துட்டு உன்னையே சந்தேகப்பட்டிருக்கேன். எனக்கே இப்பத்தான் உறைக்குது.”

சரியாக ஐந்து மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் விசிலை ஊதினார். ஐந்து சீட்டுகளை நீக்கி, சீப்பு இருபத்திரண்டு, சாவி பதினெட்டு என்று எழுதிக் கையொப்பமிட்டார். செய்தி போனபோது டாக்டரம்மாள் கீழ்த்தளத்திலேயே இருந்த தம் கிளினிக்கில் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாராம். கையுறையோடு வந்து எட்டிப் பார்த்து, “லிப்ட்காரர் இருக்கட்டும், லிப்டுக்கு மட்டும் புதுக் கயிறு போடுங்க,” என்று முதல் ஆணையைப் பிறப்பித்துவிட்டு, பாதி வெளிவந்த பல்லிடம் திரும்பிப் போனார்.

செயலாளர் உரையைக் கிழித்துக் கூடையில் போட்டார். அவருடைய வீடு பத்தாம் மாடியில். லிப்டின் கம்பிக் கதவருகே ஒரு கணம் நின்றார். லிப்ட்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். செயலாளர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு படிக்கட்டின் பக்கம் நடந்துவிட்டார்.

“ரோஷம்,” என்றார் குடையார். “பத்து மாடி ரோஷம். நாலாவதுல கரைஞ்சுரும்.”

அண்ணியும் அவரும் விடைபெற்றபோது லிப்ட்காரர் வழிமறித்தார். “அம்மா, ஏறுங்க. மேல வரைக்கும் ஒரு தடவை கூட்டிட்டுப் போறேன்.”

“நாங்க வெளிய போறவங்கய்யா. மேல எங்களுக்கு என்ன வேலை?” என்றார் குடையார்.

“கொடுக்கறதுக்கு என்கிட்ட வேற என்ன சார் இருக்கு?”

அண்ணி ஏறிக்கொண்டார். குடையாரும் ஏறினார். லிப்ட்காரர் தம் முக்காலியில் அமர்ந்து, அன்று முதன்முறையாகப் பொத்தான்களைக் கண்ணால் பார்த்து அழுத்தினார். இரண்டு, மூன்று, நான்கு என்று மாடிகள் கீழே நழுவின. நான்காம் மாடிப் படிக்கட்டில் எவருமில்லை. குடையாரின் ஆரூடம் பொய்த்தது. ஆறாம் மாடியில், எவரும் கூப்பிடாமலே, லிப்ட்காரர் லிப்டை நிறுத்திக் கதவைத் திறந்தார்.

படியின் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, செருப்பொன்றையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது.

“ஏறுங்க சார்,” என்றார் லிப்ட்காரர்.

“நான் இங்க இருப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கரண்ட் போறப்பல்லாம் ஆறாவதுலதானே சார் உக்காருவீங்க. ஏழாவதுக்கு உங்களால ஆகாது.”

செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டார். உள்ளே வந்து நின்றார். குடையார் இடம் கொடுக்கச் சற்றே ஒதுங்கினார். கதவை மூடுவதற்கு முன் லிப்ட்காரர் வெளியே குனிந்து படியிலிருந்த செயலாளரின் கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பத்தாம் எண்ணை அழுத்தினார்.